வாசெக்டமிக்குப் பிறகு எந்தச் சோதனை: விந்துப் பரிசோதனையா, விரைப்பை ஸ்கேனா, ஆசனவாய் வழி ஸ்கேனா?

வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், செய்துகொண்டவர்கள் ஸ்கேன் அறைக்கு வருவது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காக. ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். “சரியா அடைபட்டிருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க டாக்டர்” என்பார். இன்னொருவர் நாலைந்து வருடம் கழித்து வருவார்: விரைப்பக்கம் மந்தமாக ஒரு வலி, அல்லது குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட ஒரு கட்டி. மூன்றாமவருக்கு வாழ்க்கை மாறியிருக்கும். மறுபடி குழந்தை வேண்டும், அறுத்ததை ஒட்டவைக்க முடியுமா என்று கேட்பார். மூவர் கையிலும் இருப்பது ஒரே மாதிரிச் சீட்டு. ஆனால் ஸ்கேன் நேரடியாக உதவப்போவது நடுவில் வந்தவருக்கு மட்டும்தான்.

முதலாமவரைத் திருப்பி அனுப்புவதுதான் எப்போதுமே சிரமம். வயிற்றில் இருக்கும் குழந்தையின் விரலையே எண்ணிச் சொல்லும் கருவி, ஒரு குழாய் அடைபட்டிருக்கிறதா என்று சொல்லாதா என்று அவர் நினைப்பதில் தவறில்லை. ஏன் சொல்லாது என்பதற்கு உடலின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரவேண்டும்.

## மடைக்கு மேலே, மடைக்குக் கீழே

விரையில் உருவாகும் விந்தணுக்கள் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸுக்குள் போகின்றன. நீட்டிப் பிடித்தால் சுமார் 6 மீட்டர் வரும் ஒற்றைக் குழாய், சுருண்டு சுருண்டு ஒரு சிறு மெத்தைபோல் கிடப்பதுதான் எபிடிடிமிஸ். அங்கிருந்து விந்துக்குழாய் கிளம்பி, விரைப்பையைத் தாண்டி, அடிவயிற்றுக்குள் ஏறி, சிறுநீர்ப்பையின் பின்பக்கம் வந்து விந்துப்பையோடு சேர்கிறது. இரண்டும் சேர்ந்த சிறு நாளம் புராஸ்டேட்டைத் துளைத்துக்கொண்டு சிறுநீர்த் தாரையில் திறக்கிறது.

வாசெக்டமியில் வெட்டுவது விரைப்பைக்குள் இருக்கும் விந்துக்குழாயின் ஒரு துண்டை. வாய்க்காலில் மடையை அடைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மடைக்கு மேலே, அதாவது விரை, எபிடிடிமிஸ் பக்கம், அழுத்தம் ஏறும். விந்தணு உற்பத்தி நிற்பதில்லை. உருவானவற்றை உடல் அங்கேயே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. மடைக்குக் கீழே பெரிதாக ஒன்றும் மாறாது. காரணம், வெளிவரும் விந்தின் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரப்பது. விந்தணுக்களின் பங்கு சில சதவீதம்தான். வாசெக்டமிக்குப் பிறகும் விந்தின் அளவு குறைந்ததாகத் தெரியாதது இதனால்தான்.

பின்னால் வரப்போகும் எல்லா ஒப்பீட்டுக்கும் இந்த மேல்–கீழ் பிரிவுதான் அடிப்படை.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

நான் நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, என் கேள்விக்கு இந்தச் சோதனை நேரடியாகப் பதில் சொல்கிறதா, அல்லது பக்கத்து வீட்டுக் கேள்விக்குப் பதில் சொல்கிறதா? இரண்டாவது, பதில் எப்படி வந்தாலும் அடுத்து செய்யப்போவது ஒன்றேதான் என்றால் அந்தச் சோதனை எதற்கு? மூன்றாவது, உடலுக்கு வரும் சிரமமும் ஆபத்தும்.

நான்காவதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை: தேடாத ஒன்று கண்ணில் பட்டால் என்ன ஆகும்? வாசெக்டமி செய்துகொண்டவர் விஷயத்தில் இதுதான் பெரிய செலவு. அவருடைய ஸ்கேனில் ஏதாவது ஒன்று தெரிவது அபூர்வமல்ல.

## விந்துப் பரிசோதனை

“வேலை செய்ததா?” என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சோதனை இது ஒன்றுதான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. மடைக்குக் கீழே ஏற்கெனவே தேங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேறித் தீரவேண்டும். அமெரிக்க சிறுநீரக மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி 8 முதல் 16 வாரங்களுக்குள் மாதிரி கொடுக்கலாம். ஐரோப்பிய வழக்கத்தில் 12 வாரமும் குறைந்தது 20 முறை விந்து வெளியேற்றமும் என்பார்கள். மாதிரியில் விந்தணு அறவே இல்லையென்றால் சரி. அசையாத விந்தணுக்கள் ஒரு மி.லி.க்கு 1,00,000 அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலும் சரிதான். இந்த இரண்டாவது விதி தெரியாமல், “சில விந்தணு இருக்கு” என்ற ரிப்போர்ட் வரியைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. பார்க்கவேண்டியது அவை அசைகின்றனவா என்பதை. அசையும் விந்தணுக்கள் 6 மாதம் கழித்தும் தொடர்ந்தால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று கருதி மறுபடி செய்வதைப் பற்றிப் பேசவேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு கூச்சமும் அலைச்சலும். அசைவைப் பார்க்க மாதிரி புதிதாக இருக்கவேண்டும், 2 மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியின் கீழ் போகவேண்டும். சில சமயம் இரண்டாவது, மூன்றாவது மாதிரி கேட்பார்கள். அதுவரை வேறு கருத்தடை தொடரவேண்டும். இந்தக் கூச்சத்தைத் தவிர்க்கத்தான் பலர் ஸ்கேனைக் கேட்கிறார்கள் என்பது என் சந்தேகம். ஜெல் தடவிப் படுத்துக்கொள்வது கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போவதைவிட மானமாகத் தோன்றுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: இந்தச் சோதனை அன்றைய நிலவரத்தைச் சொல்கிறது. விந்தணு இல்லை என்று உறுதியான பிறகும் ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்குப் பின்னாளில் கர்ப்பம் உண்டாகும் வாய்ப்பு இருக்கிறது. எந்த ஸ்கேனும் அந்த எண்ணிக்கையைக் குறைக்காது.

## விரைப்பை ஸ்கேன்

விரைப்பைக்கு வெளியிலிருந்து, 15 மெகாஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண் கருவியால் எடுப்பது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, கால் மணி நேர வேலை. ரத்த ஓட்டத்தைப் பார்க்க டாப்ளரும் கூடவே உண்டு.

இவ்வளவு நுட்பமான கருவி அடைப்பைச் சொல்லாததற்குக் காரணம் எளிய கணக்கு. அந்த அதிர்வெண்ணில் ஒலியலையின் நீளமே சுமார் 0.1 மி.மீ. அதைவிடச் சிறியதை அது பிரித்துக் காட்டாது. வால் சேர்த்து ஒரு விந்தணுவின் நீளம் 0.05 – 0.06 மி.மீ., தலை மட்டும் 0.005 மி.மீ. அறுபட்ட இரு முனைகளும் மறுபடி சேர்ந்து ஒழுகத் தொடங்கினால், அந்த ஒழுக்கு நடப்பது தழும்புத் திசுவுக்குள் ஊடுருவும் நுண்ணிய பாதைகளில். படத்தில் இரண்டு முனைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி தெரியலாம், கிளிப் போட்டிருந்தால் அது பளிச்சென்றும் தெரியலாம். அதை வைத்து “அடைபட்டிருக்கிறது” என்று எழுதித் தருகிற ரிப்போர்ட்டை நம்பிக் கருத்தடையை நிறுத்தவே கூடாது.

சரி, எதைக் காட்டும்? மடைக்கு மேலே நடப்பதை நன்றாகவே காட்டும். பலருக்கு எபிடிடிமிஸ் தடித்திருக்கும். அதன் சுருள்கள் விரிந்து, சல்லடைபோல நிறைய நுண்குழாய்களாகத் தெரியும். சிலருக்கு அந்தக் குழாய்களுக்குள் வெள்ளைத் துகள்கள் மெதுவாக அலைந்துகொண்டிருப்பதைக்கூடப் பார்க்கலாம். அவை தனித்தனி விந்தணுக்கள் அல்ல, திரண்ட கூட்டங்கள். திரையைப் பார்த்துவிட்டு “ஐயோ, உயிரோட ஓடுதே, அப்ப ஆபரேஷன் ஃபெயிலா?” என்று கேட்டவர் உண்டு. ஓடுவது மடைக்கு மேலே. அங்கே ஓடுவதில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

வெட்டிய முனையில் பயறளவு, பட்டாணியளவு கட்டி இருக்கலாம். கசிந்த விந்தணுக்களைச் சுற்றி உடல் கட்டிய சுவர் அது, கிரானுலோமா என்பார்கள். எபிடிடிமிஸில் நீர்க்கட்டி, விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோசீல், வெட்டுக்கு விரைப்பக்கம் உள்ள விந்துக்குழாய் பருத்திருப்பது என்று பட்டியல் நீளும். விரைக்குள்ளேயே, விந்து நுண்குழாய்கள் வந்து கூடும் இடத்தில் அவை விரிந்து பூவேலைபோலத் தெரிவதும் உண்டு. அதில் டாப்ளர் வைத்தால் ரத்த ஓட்டம் இருக்காது, பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். இதைப் புற்றுக்கட்டி என்று தவறாகப் படித்தால் ஆரோக்கியமான விரையை இழக்க நேரிடலாம்.

இவையெல்லாம் வலியே இல்லாதவர்களிடமும் இருப்பவை. இதுதான் விரைப்பை ஸ்கேனின் சிக்கல். வலியோடு வந்தவரின் படத்தில் தடித்த எபிடிடிமிஸ் தெரிந்தவுடன், “இதோ காரணம்” என்று கை காட்டத் தோன்றும். அதே படம் வலி இல்லாதவருக்கும் வரும் என்பதால் அந்தக் கைகாட்டல் பாதி ஊகம். மறுபக்கம், ஸ்கேன் சுத்தமாக வந்ததால் வலி பொய்யாகிவிடாது. நரம்பு சிக்கிக்கொள்வதால் வரும் வலியைப் படம் காட்டாது. வாசெக்டமி செய்தவர்களில் 1 முதல் 2 சதவீதம் பேருக்கு மருத்துவரைத் தேடிப்போக வைக்கும் அளவுக்கு நாள்பட்ட வலி தங்குகிறது. இவர்களில் பலருக்கு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும் சோதனை, விரைக்குப் போகும் நரம்புக் கொடியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பது. ஊசி போட்டதும் வலி அடங்கினால் வலி கிளம்பும் இடம் விரைப்பைதான். அடங்காவிட்டால் இடுப்பு, முதுகு, குடலிறக்கம், சிறுநீரகக் கல் என்று வேறு பக்கம் தேடவேண்டும்.

அப்படியென்றால் ஸ்கேன் எப்போது சரியான தேர்வு? கட்டி இருந்தால், யோசிக்கவே வேண்டாம். அது விரைக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பிரித்துச் சொல்வதில் இதற்கு இணை இல்லை. வெளியே இருப்பவை பெரும்பாலும் தீங்கற்றவை. உள்ளே திடமாக ஒரு கட்டி தெரிந்தால், வேறு என்று நிரூபிக்கும்வரை புற்று என்றே எடுத்துக்கொள்வார்கள். வாசெக்டமி விரைப் புற்றைக் கொண்டுவருவதில்லை. ஆனால் வாசெக்டமி செய்தவருக்கும் எல்லாரையும்போல அது வரலாம். “ஆபரேஷன் பண்ணின இடம்தான், அப்படித்தான் இருக்கும்” என்று கட்டியைத் தள்ளிப்போடுவதுதான் நான் பயப்படும் விஷயம்.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் வீக்கம் வேகமாகப் பெருகினால், அது ரத்தக்கட்டா சீழா, விரைக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்கவும் இதுதான். திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கை 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், ஸ்கேன் கிடைக்கத் தாமதமானால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

## ஆசனவாய் வழி ஸ்கேன்

விரல் பருமனுள்ள கருவியை ஆசனவாய் வழியாகச் செலுத்தி, புராஸ்டேட், விந்துப்பை, விந்துக்குழாயின் கடைசிப் பகுதி ஆகியவற்றைப் பார்ப்பது. அதாவது மடைக்குக் கீழே. வாசெக்டமி அங்கே எதையும் மாற்றுவதில்லை என்பதை நினைவில் வைத்தால், இந்த ஸ்கேன் ஏன் அரிதாகத் தேவைப்படுகிறது என்பது விளங்கும். முழுச் சோதனை செய்வோமே என்ற எண்ணத்தில் விரைப்பை ஸ்கேனோடு இதையும் சேர்த்துக் கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

இது பயன்படும் இடங்கள் வேறு: விந்தில் ரத்தம் தொடர்ந்து வருவது, குறிப்பாக 40 வயதுக்கு மேல், விந்து வெளியேறும்போது வலி, விந்தின் அளவு 1.5 மி.லி.க்கும் கீழே இறங்கிவிட்டது. கடைசியது முக்கியம். வாசெக்டமியால் அளவு குறையாது என்று பார்த்தோம். எனவே அளவு குறைந்தால் கீழே எங்கோ இரண்டாவது அடைப்பு இருக்கலாம். விந்துப்பை 15 மி.மீ.க்கு மேல் பருத்திருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

சிரமம் சில நிமிட அசௌகரியம். ஆசனவாயில் வெடிப்போ கடுமையான புராஸ்டேட் அழற்சியோ இருந்தால் தள்ளிப்போடுவார்கள். மறைந்த செலவு இங்கும் தேடாததைக் காண்பதுதான். வயதானால் புராஸ்டேட்டில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிவது சகஜம். அதைப் படித்துவிட்டு அடுத்த ஆறு மாதத்தை மருத்துவமனை வாசலில் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

## எம்.ஆர்.ஐ, சாயம் ஏற்றும் எக்ஸ்ரே

எம்.ஆர்.ஐ அடுத்த கட்டம். மேற்சொன்ன ஸ்கேன்களில் ஒன்று சந்தேகத்தைக் கிளப்பி, அதைத் தீர்க்க முடியாதபோது மட்டும் கேட்கலாம். முதல் சோதனையாக வேண்டியதில்லை. விந்துக்குழாய்க்குள் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் வாசோகிராபி ஒரு காலத்தில் அடைப்பைக் கண்டுபிடிக்கும் முறை. குழாயைத் துளைப்பதாலேயே புது அடைப்பு வரக்கூடும் என்பதால் இப்போது தனியாகச் செய்வதில்லை. ஒட்டவைக்கும் ஆபரேஷனின்போது தேவைப்பட்டால் செய்வார்கள்.

## ஒரே பார்வையில்

| சோதனை | நேரடியாகப் பதில் சொல்வது | சொல்லாதது | மறைந்த செலவு |
|---|---|---|---|
| விந்துப் பரிசோதனை | வாசெக்டமி பலித்ததா | வலி, கட்டியின் காரணம் | கூச்சம், மறு மாதிரி, காத்திருப்பு |
| கைப்பரிசோதனை | கட்டி எங்கே, எங்கே தொட்டால் வலி | உள்ளே திடமா நீரா என்பது உறுதியாக | அனுபவமுள்ள கை வேண்டும் |
| விரைப்பை ஸ்கேன் | கட்டி விரைக்கு உள்ளா வெளியா, ரத்தக்கட்டு, ரத்த ஓட்டம் | அடைப்பு, நரம்பு வலி | இயல்பான மாற்றங்களை நோயாகப் படிப்பது |
| ஆசனவாய் வழி ஸ்கேன் | விந்துப்பை, புராஸ்டேட், கீழ் அடைப்பு | வெட்டிய இடம், விரை | அசௌகரியம், தற்செயல் கண்டுபிடிப்பு |
| எம்.ஆர்.ஐ | தீராத சந்தேகம் | அடைப்பு | நேரம், பணம் |

கைப்பரிசோதனைக்குத் தனித் தலைப்பு கொடுக்கவில்லை. காரணம், அது தேர்ந்தெடுக்கவேண்டிய ஒன்றல்ல. எந்த ஸ்கேனுக்கும் முன்னால் ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்திருக்கவேண்டும். தொடாமலே எழுதிக்கொடுத்த ஸ்கேன் சீட்டு, முகவரி இல்லாத கடிதம்.

## மறுபடி குழந்தை வேண்டும் என்பவருக்கு

மூன்றாமவர் கதை தனி. இவர் தேர்ந்தெடுக்கவேண்டியது ஸ்கேனை அல்ல, வழியை: ஒட்டவைக்கும் ஆபரேஷனா, விரையிலிருந்தோ எபிடிடிமிஸிலிருந்தோ விந்தணுவை எடுத்து ஆய்வகத்தில் கருத்தரிக்க வைப்பதா. இதில் அதிகம் எடை போடுவது இரண்டு தகவல்கள், இரண்டுக்கும் ஜெல் தேவையில்லை. ஒன்று, வாசெக்டமி ஆகி எத்தனை வருடம் என்பது. 1991இல் வெளியான, 1,469 ஆண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன்படி 3 வருடத்துக்குள் ஒட்டவைத்தால் 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்பியது, 76 சதவீதம் தம்பதிகளுக்குக் கர்ப்பம் உண்டானது. 15 வருடமும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இவை 71, 30 என்று இறங்கின. இரண்டாவது தகவல் மனைவியின் வயது. அவருக்கு நாற்பதை நெருங்குகிறது என்றால், கணவரின் எபிடிடிமிஸ் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளந்துகொண்டிருப்பதில் நேரத்தை விடுவது அவருக்குத்தான் நஷ்டம்.

குழாயோடு குழாயை ஒட்டினால் போதுமா, எபிடிடிமிஸோடு நேரே ஒட்டவேண்டுமா என்பதை ஸ்கேன் ஊகிக்கலாம், தீர்மானிக்க முடியாது. ஆபரேஷன் மேசையில், விரைப்பக்க முனையை வெட்டும்போது வரும் திரவத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். தெளிவாகவோ விந்தணுவோடோ வந்தால் முதல் வழி. பசைபோலக் கெட்டியாக, விந்தணு இல்லாமல் வந்தால் இரண்டாவது. வெட்டிய முனையில் கிரானுலோமா இருந்தால் நல்ல அறிகுறி என்பார்கள்: மடைக்கு மேலிருந்த அழுத்தம் அங்கே கொஞ்சம் கசிந்து வடிந்திருக்கிறது என்று பொருள். வலிக்காக வந்தவர் பயந்த அதே கட்டி, இவருக்கு நம்பிக்கை. அதையும் பெரும்பாலும் விரலாலேயே உணர்ந்துவிடலாம். விரை மிகச் சிறியதாகத் தெரிந்தாலோ, கட்டி ஏதாவது தட்டுப்பட்டாலோ மட்டும் இவருக்கு விரைப்பை ஸ்கேன் எழுதுவது நியாயம்.

## ஸ்கேன்தான் என்று முடிவானால்

படுக்கையில் ஏறுவதற்கு முன்பே, வாசெக்டமி ஆகியிருக்கிறது என்பதையும் எந்த வருடம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சீட்டில் எழுதியிருக்கும் என்று நினைக்காதீர்கள். பல சீட்டுகளில் “விரை வலி” என்ற இரண்டு சொல்தான் இருக்கும். அந்தத் தகவல் இல்லாமல் பார்ப்பவர், சல்லடைபோல் விரிந்த எபிடிடிமிஸைத் தொற்று என்று எழுதக்கூடும். நீங்கள் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, வலி குறையாமல், மறுபடி அதே அறைக்கு வந்து நிற்பீர்கள். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள், கருவியை அங்கே வைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்: மூன்று வருடமாக ஒரே அளவில் இருக்கும் கட்டியும் மூன்று மாதத்தில் வளர்ந்த கட்டியும் ஒரு படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும்.